பஸ் காசும் கல்விதான்

“நாலு கொப்பியும் ஒரு பையும் கொடுத்தால் பிள்ளை படித்துவிடுமா?” மலையகக் கல்வியைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் இந்தக் கேள்வி எழாமல் இருந்ததில்லை. கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஓய்வுபெற்ற அதிபர்கள், தொழிற்சங்கத் தலைவர்கள், விரிவுரையாளர்கள். நம் பிள்ளைகள் முன்னுக்கு வரவேண்டும் என்று மெய்யாகவே விரும்புகிறவர்கள். கேட்டுவிட்டு அவர்களே பதிலும் சொல்வார்கள். இந்த நாட்டில் கல்வி இலவசம், பாடநூல் இலவசம், சீருடை இலவசம். இவ்வளவுக்கும் பிறகு படிக்காத பிள்ளை விருப்பமில்லாத பிள்ளை. அனுப்பாத பெற்றோர் அக்கறையில்லாத பெற்றோர். சில்லறை உதவி அவர்களைக் கையேந்தப் பழக்குமே தவிரப் படிக்க வைக்காது. இதைக் கேட்டு மண்டபம் தலையாட்டும். கூட்டம் கலையும்.

முப்பது ஆண்டுக்கு மேல் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் கருத்து தவறு. தவறு என்பதோடு நில்லாமல் தீங்கும் செய்கிறது. கொடுக்க மனமிருக்கும் எத்தனையோ பேரின் கையை ஆண்டுதோறும் இது மடக்கிவிடுகிறது. ‘சின்ன உதவியால் என்ன ஆகப்போகிறது’ என்று ஒதுங்கியவர்கள் அதற்குப் பதிலாகப் பெரிய உதவி எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

ஒரு பிள்ளை எப்படிப் பாடசாலையை விட்டு நிற்கிறது? இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். மறுதரப்பினர் மனத்தில் இருப்பது ஒரு முடிவெடுக்கும் காட்சி. தகப்பன் ஒருநாள் “படிச்சது போதும், வேலைக்குப் போ” என்கிறார். பிள்ளை பையைக் கொண்டுபோய் மூலையில் வைக்கிறது. அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் வரவு இடாப்பைக் கையில் வைத்திருந்த எந்த வகுப்பாசிரியருக்கும் தெரியும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்படியொரு நாளே இராது. தரம் ஒன்பதில் முதல் தவணையில் மூன்று நாள் வரவில்லை. இரண்டாம் தவணையில் பதினோரு நாள். மூன்றாம் தவணையில் எண்ணிப் பார்க்கவும் தோன்றாது. என் இடாப்புகளில் அந்த வராத நாட்கள் மாதத்தின் முதல் பத்து நாளுக்குள் கூடிக் கிடந்தன. காரணம் தெரிந்ததுதான். தோட்டத்தில் சம்பளம் பத்தாம் திகதி. இடையில் வாங்கிய முற்பணம் அரிசிக்கும் மாவுக்கும் போயிருக்கும். பத்தாம் திகதிக்கு முந்திய கிழமையில் லயத்து வீட்டில் சில்லறை இராது. பஸ்ஸுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை, பிள்ளை நிற்கிறது.

அடுத்த நாள் போகிறது. முதல்நாள் நடந்த கணக்கு விளங்கவில்லை. “நேற்று ஏன் வரவில்லை?” என்று எல்லார் முன்னாலும் ஆசிரியர் கேட்கிறார். பதினான்கு வயதுப் பிள்ளை “பஸ் காசு இல்லை” என்று வாய்திறந்து சொல்லாது. “காய்ச்சல்” என்று சொல்லும். மூன்றாம் முறை காய்ச்சல் என்று சொல்ல அதற்கே வெட்கமாக இருக்கும், அன்றைக்கும் வராது. தவணைப் பரீட்சையில் புள்ளி இறங்கும். இறங்கிய பிறகு ஒருநாள் நாம் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிக்கிறோம். அது தலையைக் குனிந்துகொண்டு “படிக்க விருப்பமில்லை சேர்” என்கிறது. நாம் எழுதிக்கொள்கிறோம்: விருப்பமின்மை. ஓராண்டாக நடந்த கதையின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு அதுதான் காரணம் என்கிறோம்.

நான் வேலைசெய்த ஒரு பாடசாலையில் காலைக் கூட்டத்தின்போது வெள்ளைச் சப்பாத்து இல்லாமல் வந்தவர்களைத் தனி வரிசையில் நிறுத்துவது வழக்கம். ஒழுங்கு என்று அதற்குப் பெயர். தரம் பத்தில் கணிதத்தில் கெட்டிக்காரியான ஒரு பிள்ளை இரண்டு நாள் அந்த வரிசையில் நின்றாள். இறப்பர் செருப்பு, கழுவித் துடைத்துத்தான் போட்டு வந்திருந்தாள். மூன்றாம் நாள் வரவில்லை. ஒரு கிழமை கழித்து, கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அவளைத் தேடி லயத்துக்கு நான் போகவில்லை. சப்பாத்தின் விலை எனக்குத் தெரிந்திருந்தது. அன்று என் சட்டைப்பையில் அதைவிட அதிகமாகவே காசு இருந்தது. ‘ஒரு சோடி சப்பாத்தால் என்ன மாறப்போகிறது’ என்ற எண்ணம்தான் என்னைத் தடுத்தது. அந்த எண்ணத்தை எதிர்த்துத்தான் இன்று எழுதுகிறேன்.

இலவசக் கல்வி என்ற பெருஞ்சொல்லுக்கு வருவோம். அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945-இல் நடைமுறைக்கு வந்தது. இந்த நாட்டின் ஏழைகளுக்குக் கிடைத்த மிகப் பெரிய கொடை அதுதான். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் கொடை தோட்டத்து எல்லையில் நின்றுவிட்டது. தோட்டப் பாடசாலைகள் 1970-களில் அரசாங்கம் பொறுப்பேற்கும்வரை துரைமாரின் கையில் கிடந்தன. ஒரே அறை, ஒரே ஆசிரியர், பல இடங்களில் ஐந்தாம் வகுப்போடு முடிவு. நாட்டின் மற்றப் பிள்ளைகள் ஒரு தலைமுறைக் காலம் இலவசக் கல்வியில் ஊறிய பிறகுதான் நம் பிள்ளைகள் அந்த வாசலுக்கே வந்தார்கள். தாயும் தகப்பனும் படித்திராத வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கும், அரச உத்தியோகத்தர் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கும் ‘இலவசம்’ என்ற ஒரே சொல் ஒரே பொருளைத் தருவதில்லை.

இன்றும் அந்த இலவசம் பாடசாலைப் படலைக்கு உள்ளே இருப்பதைத்தான் கணக்கில் எடுக்கிறது. பாடநூல் 1980 முதல் இலவசம். சீருடைத் துணி 1990-களிலிருந்து கிடைக்கிறது. ஆனால் துணியைத் தைப்பதற்குக் கூலி உண்டு. கொப்பி இலவசமில்லை. சப்பாத்தும் பையும் பேனையும் கொம்பாசுப் பெட்டியும் இலவசமில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குக் கட்ட வேண்டிய காசு உண்டு. சித்திரப் பாடத்துக்கு வர்ணம், நடனத்துக்கு உடை, செயற்றிட்டத்துக்குக் காட்போட், தவணைப் பரீட்சை வினாத்தாளுக்குக் காசு. ஒவ்வொன்றும் சிறுதொகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கடைசித் திகதி. அந்தத் திகதியில் காசு இல்லாத பிள்ளை ஒவ்வொரு தடவையும் வகுப்பில் எழுந்து நிற்க வேண்டும்.

கல்வியின் இந்தப் பக்கச் செலவை அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது. 2022-இன் நெருக்கடியில், அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் எழுபது வீதத்தை எட்டியபோது, கொப்பியின் விலை ஏழைப் பெற்றோரின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவியைப் பெறும் குடும்பங்களின் பாடசாலைப் பிள்ளைகளுக்கு எழுதுபொருள் வாங்க 2025-ஆம் ஆண்டுக்கென 6,000 ரூபா வழங்க அரசாங்கம் தீர்மானித்தது. சிறிய பாடசாலைகளின் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வவுச்சர் வருகிறது. எல்லாமே இலவசமாக இருந்தால் இவை எதற்கு? கொப்பிக்குக் காசு கொடுத்தால் பிள்ளை படிக்குமா என்று மேடையில் கேட்பவர்கள் திறைசேரியிடம்தான் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

இந்த 6,000 ரூபாவை நான் வரவேற்கிறேன். ஆனால் அது ஆண்டின் தொடக்கத்துக்கு உரியது. பிள்ளை நிற்பது ஆண்டின் நடுவில், யாரும் பார்க்காத ஒரு செவ்வாய்க்கிழமையில். கொப்பி முடிந்துபோகும். சப்பாத்தின் அடி மழைக்காலத்தில் பிளந்துபோகும். தோட்டத்தில் சப்பாத்து ஓராண்டு தாங்குவதில்லை; இறக்கப் பாதையும் சேறும் அதை ஆறு மாதத்தில் தின்றுவிடும். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு எந்தச் சுற்றறிக்கையும் இல்லை. பக்கத்தில் இருக்கும் ஒரு மனிதர்தான் உண்டு, அல்லது யாருமில்லை.

பஸ் காசு தனிக்கதை. தோட்டத்துப் பாடசாலை பல இடங்களில் பதினொன்றாம் தரத்தோடோ அதற்கு முன்போ நின்றுவிடும். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் அந்தப் பிரிவு உள்ள ஒரு 1ஏபி பாடசாலையைத் தேடி ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ போயாக வேண்டும். இ.போ.ச. பஸ்ஸில் மாணவருக்குச் சலுகை விலையில் சீசன் டிக்கட் உண்டு, நல்ல ஏற்பாடு. ஆனால் மேற்பிரிவுத் தோட்டத்துக்கு இ.போ.ச. பஸ் வருவதில்லை. பிரதான வீதிவரை ஓட்டோ, அல்லது தனியார் பஸ், அல்லது தேயிலை மலைக்குள்ளால் ஒரு மணி நேர நடை. பனிமூட்டத்தில், அட்டைக் கடியில், விடிவதற்கு முன்னால் ஒரு பெண்பிள்ளையைத் தனியே நடக்கவிடத் தாய்க்கு மனம் வராது. அது அக்கறையின்மை அல்ல, அக்கறை. பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கக் காசு கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். இடைநிலை வகுப்பில் சேர்ந்த பெண்பிள்ளைகளின் அளவு 32 வீதம் கூடியிருந்தது. ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இருந்த இடைவெளியில் நாற்பது வீதம் மறைந்திருந்தது. பாடசாலை தூரத்தில் இருந்த ஊர்களில்தான் பலன் மிகுதி. அந்தப் பெற்றோர் ஒரே ஆண்டில் கல்வியின் அருமையை உணர்ந்துவிட்டார்களா? முன்பே உணர்ந்திருந்தார்கள். பாதைதான் இடைஞ்சலாக இருந்தது.

‘பெற்றோருக்கு அக்கறையில்லை’ என்ற வாதம்தான் என்னை மிகவும் நோகச் செய்வது. படித்து மேலே வந்த நம்மவர்கள் வாயிலிருந்தே அது வருகிறது. ஒரு தோட்டத் தாயின் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். தீபாவளிக்கு முற்பணம் எடுக்கிறாள். அது அடுத்தடுத்த மாதச் சம்பளங்களில் பிடிக்கப்படுகிறது. கொழுந்து குறைந்த நாளில் நிர்ணயித்த கிலோ எடுக்க முடியாமல் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுகிறது. சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயில் காசு எல்லாம் போகக் கைக்கு வருவது எவ்வளவு என்று அவளுக்கே பத்தாம் திகதிதான் தெரியும். சரியாக அந்த மாதங்களில் புதிய பாடசாலை ஆண்டு தொடங்குகிறது. இரண்டு மூன்று பிள்ளைகளுக்குக் கொப்பி, பை, சப்பாத்து, தையற்கூலி. கடையில் கடன் எழுதுகிறாள். காதுத் தோட்டை அடகு வைக்கிறாள். இவ்வளவும் செய்கிற தாயை, ஒரு கிழமை பஸ் காசு கொடுக்க முடியாததற்காக அக்கறையில்லாதவள் என்று எழுத எந்தப் பேனைக்கும் உரிமையில்லை.

இது என் உணர்ச்சி மட்டும் அல்ல என்பதற்கு மொரோக்கோவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே ஏழைக் கிராமங்களில் ‘தய்ஸீர்’ என்றொரு திட்டத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்ட ஐந்து ஆய்வாளர்கள் அதன் முடிவை 2015-இல் வெளியிட்டார்கள். கொடுத்த தொகை மிகச் சிறியது, ஒரு குடும்பத்தின் செலவில் நூற்றுக்கு ஐந்து அளவுதான். சில ஊர்களில் பிள்ளையின் வரவைக் கண்காணித்து, ஒழுங்காக வந்தால்தான் காசு என்றார்கள். வேறு சில ஊர்களில் எந்த நிபந்தனையும் இல்லை. ‘இது உங்கள் பிள்ளையின் படிப்புக்காக’ என்று சொல்லி, பாடசாலை அதிபர் மூலமாகப் பெயர் பதிந்து கொடுத்தார்கள், அவ்வளவுதான். நிபந்தனையில்லாத ஊர்களிலும் பிள்ளைகள் பாடசாலையில் தங்கினார்கள். இடைவிலகல் பாதிக்கும் கீழே இறங்கியது. நிபந்தனை போட்டதால் கூடுதல் பலன் எதுவும் வந்துவிடவில்லை.

இதன் காரணத்தை நான் நெடுநேரம் யோசித்திருக்கிறேன். அந்தச் சிறுதொகை வீட்டின் வறுமையைப் போக்கியிருக்க முடியாது. ஆனால் ‘உன் பிள்ளையின் படிப்பை நாங்களும் ஒரு பொருட்டாக நினைக்கிறோம்’ என்று வெளியிலிருந்து ஒரு குரல் அந்த வீட்டுக்குள் போயிருக்கிறது. ஏழைப் பெற்றோர் எப்போதும் கணக்குப் போட்டபடியே இருப்பவர்கள். இந்தப் பிள்ளை படித்து ஏதாவது நடக்குமா, அல்லது நாலு வருடம் வீணாகிக் கடையில்தான் போய் நிற்குமா என்ற கணக்கு அது. அதில் ஒரு சிறு எடை இந்தப் பக்கம் விழுந்தால் போதும், தட்டு சாய்ந்துவிடும். மொரோக்கோவில் ஆய்வாளர்கள் கண்டதும் ஏறத்தாழ இதுதான்: கல்வியால் பயன் உண்டு என்ற பெற்றோரின் நம்பிக்கையே அங்கே கூடியிருந்தது. நம் அதிபர் ஒருவர் ஒரு தகப்பனைக் கூப்பிட்டு, “உங்கள் மகளுக்கு இந்தத் தவணைப் பஸ் காசுக்கு ஏற்பாடு செய்திருக்கிறோம், அவளை விட்டுவிட எங்களுக்கு மனமில்லை” என்று சொல்வதை நினைத்துப் பாருங்கள். ‘உங்கள் மகள்’ என்று பன்மையில் அழைக்கப்படுவதே அந்த மனிதருக்குப் புதிது.

‘காசாகக் கொடுத்தால் அப்பன் குடித்துவிடுவான்’ என்கிறார்கள். தோட்டங்களில் குடி இல்லை என்று நான் சொல்லமாட்டேன், அது எத்தனை வீட்டை அழித்தது என்பதைப் பார்த்தவன் நான். ஆனால் உதவிக் காசால் குடி கூடுகிறதா என்பது தனிக் கேள்வி. டேவிட் எவன்ஸும் அன்னா போபோவாவும் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். உதவிக் காசு கிடைத்த ஏழை வீடுகளில் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு கூடியதாகச் சான்று இல்லை. சந்தேகம் இருந்தால் தாயின் கையில் கொடுங்கள், சீசன் டிக்கட்டாகவே எடுத்துக் கொடுங்கள். ஒரு தகப்பனின் குடிக்காக ஒரு பிள்ளையின் பாடசாலையை எடுத்துவிடுவது என்ன நியாயம்?

அடுத்தது ‘சார்பு மனப்பான்மை’. கொழும்பிலோ கண்டியிலோ ஒரு நடுத்தர வீட்டுப் பிள்ளைக்கு மாமா சப்பாத்து வாங்கிக் கொடுக்கிறார், சித்தி டியூஷன் காசு கட்டுகிறார், தாத்தா பிறந்தநாளுக்குச் சைக்கிள் கொடுக்கிறார். அந்தப் பிள்ளை கையேந்தப் பழகிவிட்டது என்று யாராவது சொல்வார்களா? உறவு என்பார்கள், ஆதரவு என்பார்கள். தோட்டத்துப் பிள்ளையின் மாமாவும் சித்தியும் அதே லயத்தில் அதே பத்தாம் திகதிக்காகக் காத்திருப்பவர்கள். நீட்டிக்கொடுக்க அந்தச் சுற்றத்தில் கை இல்லை. வெளியிலிருந்து வரும் சிறு உதவி அந்த மாமாவின் இடத்தை நிரப்புகிறது. பல்கலைக்கழகத்தில் மகாபொல உதவித்தொகை பெற்றுப் படித்த எத்தனையோ பேர் இன்று மேடையில் சார்பு மனப்பான்மையைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர்களை மகாபொல கெடுத்துவிடவில்லை. இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் ஆதரவில் 1940-களில் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியத்தின் சிறிய உதவித்தொகை நம்மவர்களை உயர்தரத்திலும் பல்கலைக்கழகத்திலும் தாங்கியிருக்கிறது. அவர்களும் கெட்டுப்போகவில்லை.

புலமைப்பரிசில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஐந்தாம் தரப் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டி, வருமானத்தாலும் தகுதி பெற்ற பிள்ளைக்கு மாதம் 750 ரூபா வந்தது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது 1,500 ஆக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் அது கெட்டிக்காரப் பிள்ளைக்கான பரிசு. நான் பேசுவது பரிசு வாங்காத பிள்ளையைப் பற்றி. வகுப்பில் முப்பது பேரில் பதினேழாவதாக வரும் பிள்ளை. ஊக்கத்தொகையும் அதற்கு இல்லை, பரிசளிப்பு விழாவில் அதன் பெயரும் வாசிக்கப்படுவதில்லை. சாதாரண தரத்தில் ஆறு பாடம் சித்தியடைந்து ஒரு தொழிற்பயிற்சிக்குப் போகக்கூடிய பிள்ளை அது. நம்முடைய தர்மம்கூடப் பெறுபேற்றுத் தாளைப் பார்த்துத்தான் இரங்குகிறது. ஒன்பது ஏ எடுத்த பிள்ளைக்கு மடிக்கணினி கொடுக்க வரிசையில் நிற்கிறார்கள். ஒன்பதாம் தரத்தில் நிற்கப்போகிற பிள்ளைக்குக் கொப்பி கொடுப்பதைச் சில்லறை என்கிறார்கள்.

மறுதரப்பில் நான் மதிக்கும் வாதம் ஒன்று உண்டு. தொழிற்சங்கத் தோழர்கள் சொல்வது: “உதவி வேண்டாம், உரிமை வேண்டும். நாள் சம்பளம் வாழப் போதுமானதாக இருந்தால் எவர் கொப்பியும் தேவையில்லை. தர்மம் செய்து அநீதியை மூடி மறைக்காதீர்கள்.” சம்பளத்தைப் பற்றி அவர்கள் சொல்வது முழுதும் சரி. நூற்றுக்கு நூறு அவர்களோடு நிற்கிறேன். நான் கேட்பது ஒன்றே: அதுவரை?

ஆயிரம் ரூபா நாள் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை 2015-இல் எழுந்தது. எத்தனை பேச்சுவார்த்தை, எத்தனை கூட்டு ஒப்பந்தம், எத்தனை ஊர்வலம்! கோரிக்கை நிறைவேறியது 2021 மார்ச்சில். அந்தக் கோரிக்கை எழுந்தபோது ஆறாம் தரத்தில் இருந்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை கோவிட் தொற்றால் தள்ளிப்போய் அதே 2021 மார்ச்சில்தான் நடந்தது. அதாவது, தாயின் சம்பளம் ஆயிரமான மாதத்தில் அந்தப் பிள்ளை தன் கடைசிப் பரீட்சையை எழுதிக்கொண்டிருந்தது, அதுவரை பாடசாலையில் தங்கியிருந்தால். 1,350 ஆக மேலும் மூன்றாண்டு. ஒரு பிள்ளைக்கு ஒன்பதாம் தரம் ஒரு தடவைதான் வரும். போராட்டம் காத்திருக்கலாம், நீளலாம், தோற்று மறுபடி எழலாம். பதினான்கு வயது காத்திருக்காது.

உதவி பெற்ற பிள்ளை உரிமையை மறந்துவிடும் என்ற அச்சமும் எனக்கு விளங்கவில்லை. பாடசாலையை முடித்த பிள்ளைதான் நாளைக்குச் சம்பளச் சீட்டை வாசிக்கும், பிடித்தம் எதற்கென்று கேட்கும், வர்த்தமானியை எடுத்துக் காட்டும். கட்டாயக் கல்வி வயது 2016-இல் 16 ஆனது. வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் 2021-இல் 16 ஆனது. இரண்டும் நல்ல சட்டங்கள். பிள்ளை பாடசாலையில் இருந்தால்தான் இரண்டும் அதைக் காக்கும். இருக்க வைப்பது சில நூறு ரூபா என்றால், அதைக் கொடுப்பவர் உரிமைக்குக் குறுக்கே நிற்பவர் அல்லர்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உதவியை நாம் கொடுக்கும் முறை பல இடங்களில் அருவருப்பானது. பதாகை கட்டி, பிரமுகர் வரும்வரை வெயிலில் பிள்ளைகளை நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொப்பிக் கட்டைக் கொடுத்துப் படம் பிடித்து, அந்தப் படத்தை ஊரெல்லாம் பரப்புகிறோம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது எத்தனை வேதனை என்பதை நாம் கேட்டதில்லை. வறுமையை ஒளித்துக்கொண்டு தன்மானத்தோடு வகுப்பில் இருந்த பிள்ளையை மேடையேற்றி ‘வறிய மாணவி’ என்று ஒலிவாங்கியில் அறிவிக்கிறோம். சிறு உதவியைப் பழிப்பவர்கள் உண்மையில் வெறுப்பது இந்தக் காட்சியைத்தான் என்று நினைக்கிறேன். அந்த வெறுப்பு எனக்கும் உண்டு. அதற்குப் பரிகாரம் மேடையைக் கலைப்பது. உதவியை நிறுத்துவது அல்ல.

செய்யத் தெரிந்தவர்கள் சத்தமில்லாமல் செய்கிறார்கள். வகுப்பாசிரியருக்கு யார் நிற்கப்போகிறார்கள் என்பது முதலாம் தவணையிலேயே தெரியும். அவர் கையில் ஒரு சிறு நிதி இருக்க வேண்டும். ஐயாயிரமோ பத்தாயிரமோ, கணக்கு எழுதி வைத்துச் செலவழிக்கும் அதிகாரத்தோடு. பிள்ளையின் சப்பாத்து அளவைக் கேட்காமலே தெரிந்துகொள்ளும் ஆசிரியைகள் நம் பாடசாலைகளில் இருக்கிறார்கள். கொப்பி தேவையா, பஸ் காசா, மூக்குக் கண்ணாடியா, மாதவிடாய் நாட்களுக்கான அணையாடையா என்பதை அவர்களே அறிவார்கள். மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு நான்காம் நாள் யாராவது போக வேண்டும். காசைவிட அந்த நடைக்குப் பலம் அதிகம். ஆனால் போகிறவரிடம் கொடுக்க ஒன்றுமில்லாவிட்டால் அவர் புத்திமதியை மட்டும்தான் கொடுப்பார். புத்திமதிக்குப் பஸ்ஸில் டிக்கட் கிடைக்காது.

இதற்கு வெளிநாட்டு நிறுவனம் வரவேண்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. சிறு காசைச் சேர்த்துப் பெரிய காரியம் செய்வது நம் தோட்டங்களுக்குப் புதிதல்ல. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மரண உதவிச் சங்கம் அன்றைக்கே காசோடு வந்து நிற்கிறது. யாரும் அதைப் பிச்சை என்பதில்லை, பெறுகிற வீடும் கூசுவதில்லை. தேர்த்திருவிழாவுக்கு ஆயிரம் பேரின் செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், மாதாமாதம் கோயில் காசு பிடிக்கிறார்கள், தேரும் ஒழுங்காக ஓடுகிறது. அதே செக்ரோலில் ஆளுக்கு இருபது ரூபா பாடசாலைக்கென்று பிடித்தால், ஆயிரம் பேர் பதிந்த ஒரு தோட்டத்தில் மாதம் இருபதாயிரம் சேரும். அந்தத் தோட்டத்துப் பாடசாலையில் நிற்கப்போகும் பிள்ளைகளைத் தக்கவைக்க அது பெருந்தொகை. தோட்டக் கமிட்டிகளும் சங்கத் தலைவர்மாரும் இதைப் பேசத் தொடங்கட்டும்.

தோட்டத்திலிருந்து படித்து வெளியேறிக் கொழும்பிலும் கண்டியிலும் கடல் கடந்தும் இருக்கும் மலையகத்தவர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தவணை தொடங்குவதற்கு முன், நீங்கள் படித்த பாடசாலையின் எட்டாம், ஒன்பதாம், பத்தாம் தர வகுப்பாசிரியர்களில் ஒருவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். “யார் வருவது குறைகிறது?” என்று கேளுங்கள். அவர் ஒரு பெயரையும் சொல்ல வேண்டாம். எத்தனை பேர், என்ன தேவை என்று மட்டும் சொல்லட்டும். தொகையை அவருக்கு அனுப்பிவிடுங்கள். படம் கேட்காதீர்கள். பத்தாம் திகதிக்கு முந்திய கிழமையில் அது அவர் கையில் இருக்கும்படி அனுப்புங்கள்.